தேன்மொழியின் தட்டு

எல்லை முகாம்களுக்குச் சோறு அனுப்புவது எங்கள் மென்பொருள். வீரரின் கைப்பட்டையில் நாடி நின்றால், அடுத்த வேளையே அவருடைய சாப்பாட்டைக் கழித்துவிடும்படி முதலில் எழுதியிருந்தோம்.

"அப்படி வேண்டாம்," என்றார் மேலாளர் மங்கையர்க்கரசி. "முதல்ல வீட்டுக்கு ஒரு மனுஷன் நேர்ல போய்ச் சொல்லணும். அதுவரைக்கும் தட்டு போகட்டும்."

"சோறு வீணாகுமே மேடம்," என்றார் ராணுவத்தின் சார்பில் வந்திருந்த கர்னல்.

"உங்க மெஸ் விருந்தைவிடக் கம்மியாத்தான் சார் வீணாகும்."

கர்னல் சிரித்தபடி ஒப்புக்கொண்டார்.

என் மனைவி தேன்மொழி அப்படியொரு முகாமில் நர்ஸ்; அவள் கையிலும் அந்தப் பட்டை உண்டு. செவ்வாய் மதியம் அவளுடைய தட்டு வழக்கம்போல் ட்ரோனில் கிளம்பியதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தேன்மொழி இல்லப்பா. காலையில முகாம்ல குண்டு விழுந்திருக்கு."

எனக்கு அழுகை வரவில்லை. மாலையில் முகாமுக்குப் போன் செய்து, அந்தத் தட்டு என்னவாயிற்று என்று கேட்டேன்.

"புதுசா வந்த நர்ஸ் பொண்ணு சாப்பிட்டுச்சு சார். அது பேரு இன்னும் கணினில ஏறல. நேத்துலேருந்து பட்டினி."

அந்தப் பெண்ணின் பெயரை நானே ஏற்றினேன். தேன்மொழியின் பெயரைப் பட்டியலிலிருந்து மங்கையர்க்கரசி எடுத்தார். அந்த வேலையை அவர் என்னிடம் விடவில்லை.