காற்றைக் கேட்டவர்

பூங்காவுக்குள் நுழையும் எண்ணம் இசாவோவுக்கு இல்லை. அரசு அலுவலகத்தின் வாசலைத் தாண்டியதும் கினுவேயின் கால்கள்தான் அந்தப் பக்கம் திரும்பின. சரி, கொஞ்சம் உட்காரட்டும் என்று மனைவியின் பின்னால் நடந்தார்.

தீவிலிருந்து படகேறி வந்த வேலை பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீன்பிடிப் படகின் பதிவை நீக்கக் கோரும் விண்ணப்பம். ஒரே தாள்.

காரணம் என்ற இடத்தில் ‘கடலில் மூழ்கியது’ என்று இசாவோ எழுதினார். படகில் யார் இருந்தார்கள் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை.

இருந்தது தகேரு. அவர்களுடைய ஒரே மகன். இருபத்தொன்பது வயது.

மீன்பிடித்தது போதும் என்று முடிவு செய்திருந்தான். அக்கரையில் ஒருவருக்குப் படகை விற்றாகிவிட்டது. அவரிடம் அதை ஒப்படைத்துவிட்டு அப்படியே ஒசாகாவுக்கு ரயிலேறுவதாக இருந்தான். அங்கே ஒரு கிடங்கில் வேலை காத்திருந்தது. போகட்டும், இந்தத் தீவில் இனி என்ன இருக்கிறது என்று இசாவோவும் சொல்லிவிட்டார்.

வானிலை அறிக்கையில் இல்லாத காற்று அது. எழுபத்திரண்டு நாளாகிறது. இரண்டு மிதவைகளும் ஒரு பலகையும் கரை ஒதுங்கின. அவன் ஒதுங்கவில்லை.

கமேயாமா பேரரசரின் வெண்கலச் சிலைக்குக் கீழே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. இசாவோ கடையில் வாங்கிய சோற்று உருண்டையின் உறையைப் பிரித்து அவள் கையில் வைத்தார். அவள் அதை வைத்துக்கொண்டே இருந்தாள்.

மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து சிலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வழிகாட்டி என்று எழுதிய பட்டையைக் கையில் கட்டிய ஒரு பெரியவர் அவர்களுக்குக் கதை சொன்னார்.

எழுநூறு வருடங்களுக்கு முன்னால் எதிரிக் கப்பல்கள் நாலாயிரத்துக்கு மேல் வந்து நின்றதையும், வாள் பிடித்தவர்களால் மட்டும் முடியாது என்று தெரிந்து பேரரசர் தெய்வத்திடம் போனதையும் சொன்னார். என் உயிரை எடுத்துக்கொண்டாவது நாட்டைக் காப்பாற்று என்று கேட்டாராம். காற்று வந்ததாம். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்தனவாம்.

அதில் இருந்தவர்கள் எல்லாம் செத்துப்போனார்களா என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. பெரும்பாலும், என்றார் பெரியவர். பிள்ளைகள் ஓவென்றார்கள். ஆசிரியை விசில் ஊதினார். எழுந்து போய்விட்டார்கள்.

கினுவே எழுந்து அந்தப் பெரியவரிடம் போனாள். காலையிலிருந்து அவள் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

“ஐயா, காத்து வந்ததுக்கு அப்புறம் அவரு தூங்கினாரா?”

பெரியவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“பிற்காலத்துல தலைய மழிச்சுத் துறவியாயிட்டாரு. தூங்கினாரான்னு யாரும் எழுதி வைக்கலியேம்மா.”

அதற்குள் இசாவோ ஓடி வந்து இடுப்பு வரை குனிந்தார்.

“மன்னிச்சுக்குங்க. பையன் கடலோட போயிட்டான். ரெண்டு மாசமா இவ கண்ணையே மூடல.”

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். அதைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில், காற்று அது பாட்டுக்கு வருகிறது, அது பாட்டுக்குப் போகிறது, இதில் யார் குற்றமும் இல்லை என்றார்.

கினுவே அவரைப் பார்த்தபடி நின்றாள். சற்று முன் பிள்ளைகளிடம் சொன்னதை அதற்குள் அவர் மறந்துவிட்டார் போலிருந்தது.

இசாவோ அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் நிமிர்ந்து சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாத உயரத்தில் நிற்பவனைத் திட்டுவதாவது மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார்.

“அந்த ஆளு மேல கோவப்பட்டு என்ன ஆகப்போவுது. வா, படகுக்கு நேரமாச்சு.”

அவளுக்குக் கோபம் இல்லை. இந்த ஊரில் அவள் பேசக்கூடிய ஆள் சிலையாக நிற்கும் அவர் ஒருவர்தான் என்றிருந்தது.

“ஏங்க,” என்றாள்.

இசாவோ நின்றார். காத்திருந்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் தோள்கள் எவ்வளவு இறங்கிப்போய்விட்டன என்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். அவர் முன்னால் நடந்தார்.

தகேரு புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு, துறைமுகத்துக்கு மேலே இருக்கும் கோயிலுக்கு அவள் படியேறினாள். யாரிடமும் சொல்லவில்லை. மணியை ஆட்டினாள். கும்பிடும் வழக்கப்படி இரண்டு முறை கைதட்டினாள்.

படகு கிளம்ப முடியாதபடி ஒரு காற்று வரட்டும் என்று கேட்டாள். ஒரே ஒரு நாள். ஒரு நாள் கிடைத்தால் அவன் மனதை எப்படியாவது திருப்பிவிடலாம் என்றிருந்தாள்.

காலையில் கடல் அசையாமல் கிடந்தது. தெய்வத்துக்குக் காது கேட்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

ஏழு மணிக்கு அவன் கயிற்றை அவிழ்த்தான்.

காற்று எட்டரைக்கு வந்தது.