கொதித்த எண்ணெய்

வழக்கறிஞரின் கடிதத்தை மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசைப் பெண் படித்துவிட்டு அவளிடமே திருப்பித் தந்தாள்.

கண்ணாடித் தடுப்பில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். வீடு, விசா, நீதிமன்றம் இவற்றுக்கு மருத்துவர்கள் கடிதம் எழுத மாட்டார்கள்.

கணவனோடு லண்டனுக்கு வந்து ஆறு வருடங்கள். அந்தத் தாளை இன்றுதான் வாசிக்கிறாள்.

"என்ர மனுசன்ர முதுகில இருக்கிற தழும்பு எப்பிடி வந்ததெண்டு ஒரு வரி எழுதித் தந்தாக் காணும் தங்கச்சி. திங்கக்கிழமை அகதி வழக்கு."

அந்தப் பெண்ணும் யாழ்ப்பாணத்துக்காரிதான். குரலைத் தாழ்த்தினாள்.

"கடிதம் தரேலாது அக்கா. ஆனா ஃபைல்ல இருக்கிறதை அவர் கேட்டு வாங்கலாம். அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கோ."

கணவன் தவநேசன் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தான். உடனே கையெழுத்துப் போட்டான்.

"வந்த புதுசிலயே டொக்டரிட்ட எல்லாம் சொன்னனான். எழுதித்தானே வைச்சிருப்பினம்."

அச்செடுத்து வந்தவை பதினொரு தாள்கள்.

நின்றபடியே அடியிலிருந்ததை உருவினாள். அவர்கள் வந்த மூன்றாவது கிழமை. முதல் பரிசோதனை.

*முதுகில் தீக்காயத் தழும்புகள். சமையலறையில் கொதித்த எண்ணெய் கொட்டியதாகச் சொல்கிறார். மொழிபெயர்த்தவர்: மனைவி.*

அன்று அவன் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னான். இராணுவ முகாம். காய்ச்சிய கம்பி. எத்தனை பேர், எத்தனை நாள். அவளிடம்கூட அதுவரை சொல்லாதது.

மருத்துவர் அவளைப் பார்த்தார். அவள் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள்.

இங்கே சொல்வது அங்கே போய்விடும் என்று பயந்தாள். அவனுடைய தம்பி இன்னும் ஊரில்தான் இருந்தான்.

எண்ணெய் என்றாள்.

மருத்துவர் தட்டச்சு செய்தார். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாரம் இறங்கியவனாக அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

இன்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டான்.

"நான் சொன்னது அதில கிடக்கோ?"

கிடக்கு என்று சொல்ல வாயெடுத்தாள்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் வேறு யாரோ அவனுக்கு மொழிபெயர்ப்பார்கள்.

தாளை விரித்தாள். ஒரு சொல்லையும் மாற்றாமல் அவனுக்குத் தமிழில் வாசித்தாள்.

கடைசிச் சொல்தான் வர நேரமாயிற்று.