பச்சை நூல்

காவல் முறைக்குப் போன இருவரும், வலை போடக் கூடாதென்று மூடிய பாறைப் பக்கத்தில் கிடைத்த வலையைச் சங்க மேசைமேல் போட்டார்கள். இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கூடவே ஒரு வாளி. அதில் பதினேழு சினை நண்டுகள், வலையில் சிக்கியே செத்தவை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் முட்டை அப்படியே ஒட்டியிருந்தது.

இவை முட்டை விடட்டும் என்றுதான் அந்தப் பக்கம் ஒரு வருடம் யாரும் வலை போடுவதில்லை என்று சங்கத்தில் முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எங்களைப் பார்த்துப் பக்கத்துத் துறைமுகத்துக்காரர்களும் அடுத்த வாரம் கையெழுத்துப் போட வருகிறார்கள்.

வீடு வீடாகப் போய்ப் பேசியவன் நான், சங்கத் தலைவன். ஒருவன் பேராசைப்பட்டால் எல்லார் வீட்டு அடுப்பும் அணையும் என்று தொண்டை கட்டும் வரை பேசியவன்.

கடைசி வரை முரண்டு பிடித்தவர் ஒரே ஒருவர். எதற்கெடுத்தாலும் முடியாது என்பதால் அவருக்கு எதிர்க்கட்சி என்றே பெயர். அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது.

யார் வலை என்று கண்டுபிடிப்பது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. வலை எல்லாம் ஒரே கடையில் வாங்கியதுதான். ஆனால் கிழிசலுக்கு ஒட்டுப் போடும்போது அவரவர் கை தெரிந்துவிடும். அதனால் வலையை வரிசையாகக் கை மாற்றி விடுவோம். முடிச்சை அடையாளம் கண்டவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

இந்த நீல வலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு இருந்தது, பச்சை நூலில். முடிச்சுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. இடது கையால் போட்டவை.

எங்கள் துறைமுகத்தில் இடது கைக்காரன் ஒருவன்தான். நான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை. வீட்டில் கஷ்டமா என்றால் அதுவும் இல்லை. பத்து மாதம் யாரும் தொடாத இடத்தில் எவ்வளவு கிடக்கும் என்ற நினைப்பு மனசை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை என்று போட்டேன். வலை பாறையில் மாட்டிக்கொண்டது. அறுத்து விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

வலை முதல் வரிசையிலிருந்து கிளம்பியது. எதிர்க்கட்சி ஒட்டைத் தடவிப் பார்த்தார். தலையைத் தூக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து குட்டிக் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு ஏதோ நோண்டினார். பிறகு வலையைப் பக்கத்து ஆளிடம் தள்ளினார், கத்தியும் சேர்ந்தே போனது.

ஐஸ் ஆலை அக்கா. என்ஜின் மெக்கானிக். என் சொந்த மைத்துனன். எல்லோரும் மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

சொல்லவே கூசுகிறது, எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிம்மதி வந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி முடிச்சின் அடையாளம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வரிசையில் என் மனைவி. அவளும் குனிந்தாள். அப்புறம் அவளே வலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வலையில் ஒட்டு இல்லை. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டைதான் இருந்தது.

நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தேன். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு துண்டு பச்சை நூல் கிடந்தது.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன்.

"உக்காருங்க தலைவரே," என்றார் எதிர்க்கட்சி. "யாரு வலைன்னு தெரியல. அடுத்த வாரம் பக்கத்துத் துறைமுகத்துக்காரங்க கையெழுத்துப் போட வராங்க, அது கெட்டுப்போகக் கூடாது. தெரியலன்னே எழுதிக்கங்க."

உட்கார்ந்தேன். தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தேன், இடது கையில்.

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.