சத்தம் போட்டு வாசித்தபோது

செம்பாக்கம் ஏரியைப் பற்றிய ஆய்வேட்டை மறுநாள் ஒப்படைக்க வேண்டும் என்ற பரபரப்பில் ஜான்சிக்குச் சோறே இறங்கவில்லை. "சத்தம் போட்டு வாசிச்சுப் பாரும்மா, அப்பதான் தப்பெல்லாம் தெரியும்," என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். இரும்புலியூர் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே வாசித்தாள்.

"இதையே போன பக்கத்துல சொல்லிட்டே," என்றது சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல்.

அக்கா ரோஸி வேலை முடிந்து வந்துவிட்டாள் என்று நினைத்து, ஜான்சி அந்த வரியை அடித்து நீக்கினாள்.

"இந்த வரி உன்னோடது இல்லையே. யார் சொன்னதுன்னு போடு."

உண்மைதான், பெயர் விட்டுப்போயிருந்தது. தப்புகள் பிடிபடப் பிடிபட ஜான்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பேசாம நீயே டாக்டர் பட்டம் வாங்கிடலாம்க்கா," என்று சிரித்தாள்.

அப்போது போன் அடித்தது. "தாம்பரம் ஸ்டேஷன்லயே மாட்டிக்கிட்டேன்டி, செம மழை. வர லேட்டாகும்," என்றாள் ரோஸி.

ஜான்சி போய்ச் சமையலறையைப் பார்த்தாள். யாரும் இல்லை. பின்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

திரும்பி வந்தாள். முடிவுரை மட்டும் மீதி இருந்தது. நாற்காலியைச் சமையலறைப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.