பால்கனியும் வெளியேதான்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் என் மூளைக்கு ஓய்வு கிடையாது. எங்கள் வீட்டின் இயங்குதளத்தில், கதவுகளை ஆட்டிவைக்கும் டிரைவர் மென்பொருளில், உலகமே நடுங்கக்கூடிய ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். வீட்டார் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினாலும் அவர் முகம் நினைவகத்தில் அழியாமல் கிடந்தது. கதவும் அவருக்குத் திறந்துகொண்டே இருந்தது. என் கோடிங்கைப் பழைய பஞ்சாங்கம் என்று சொன்னதற்காக நான் நீக்கிய மகன் பரிதி, நான் தூங்கும் மதியங்களில் வந்து சாப்பிட்டுப் போனது இப்படித்தான்!

ஒரே மூச்சில் ஓட்டையை அடைத்தேன். யார் வெளியே போனாலும் அந்த நொடியே அவர் முகத்தை நினைவகத்திலிருந்து துடைத்துவிடும்படி எழுதினேன். வெற்றிக் களிப்போடு துண்டு காயப்போடப் பால்கனிக்குப் போனேன். கதவு மூடிக்கொண்டது.

“நீங்கள் யார்?” என்றது வீடு.

நாற்பதாவது மாடிப் பால்கனியில் நிற்கும் அந்நியன் திருடனாகத்தானே இருக்க வேண்டும்? உள்ளேயிருந்து என் மனைவி செங்கமலம் கெஞ்சியும் வீடு கதவைத் திறக்கவில்லை. சூரியனே இறங்கி வந்து என் தோளில் உட்கார்ந்துகொண்டது. வேறு வழியின்றி அவள் பரிதியை வரவழைத்து, வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் அடையைத் தின்றபடியே நான் எழுதியதைப் படித்தான்.

“அப்பா, பால்கனியையும் வெளியேன்னு எழுதிட்டீங்களே!”

“கிண்டல் போதும்டா. உன்னையும் மறுபடி சேர்த்துக்கோ. கதவைத் திற.”

“என்னைச் சேர்த்தாச்சுப்பா. உங்களை இப்பவே சேர்க்கணுமா, சாயங்காலம் சேர்த்தா போதுமான்னு அம்மா யோசிக்கிறாங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செங்கமலம் அவன் தட்டில் இன்னோர் அடையை வைத்தாள்.