வரைபடத்தில் வெள்ளை

"சிவப்பு அடிச்சிருக்கிற ஒன்பது மாவட்டம் மட்டும்தான். உங்களோடது வெள்ளையா இருக்கு, நல்லாப் பாத்துக்கங்க." ஆளுங்கட்சிக் கொறடா கிரேடி வரைபடத்தை மேசைமேல் நகர்த்தினார்.

நோரீன் பார்த்தாள். சட்டமன்ற உறுப்பினராகி நான்கு வருடத்தில் தன் ஆஷ்ஃபோர்டு மாவட்டத்தை இவ்வளவு சுத்தமாக அவள் பார்த்ததில்லை. அதை ஒட்டி மேற்கே சிவப்பாக இருந்தது வெல்டன். சபையில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரரான வெண்டலின் மாவட்டம்.

மசோதா சின்னதுதான். எண்ணெய்க் கிணறுகளில் மிஞ்சும் கழிவுநீரை, மூவாயிரம் பேருக்குக் குறைவாக உள்ள மாவட்டங்களில் பூமிக்கடியில் செலுத்தலாம். அங்கே குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டியதில்லை.

"எந்தக் கணக்குப்படி மூவாயிரம்?"

"வருஷா வருஷம் ஜனவரியில அரசாங்கம் ஜனத்தொகைக் கணக்கு வெளியிடுதே, அதான். உங்களுக்கு மூவாயிரத்து நானூறு. என்ன பயம்?" கிரேடி குரலைத் தணித்தார். "எனக்கு ஒரு ஓட்டு குறையுது நோரீன். நீங்க பச்சை பட்டனை அமுக்குங்க. அடுத்த மசோதாவே உங்க ஜெயிலை மூடறதுதான். நானே கொண்டு வரேன்."

அவள் கணவன் டேல் அந்தச் சிறையில் காவலனாக இருந்தான். ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்ட் வெயிலில், மின்விசிறிகூட இல்லாத அந்தப் பழைய கட்டடத்தில் கலவரம் வெடித்தது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க அவனைத் தூக்கி வந்தார்கள். அந்த இடத்தை மூட வைப்பேன் என்று சொல்லித்தான் அவள் தேர்தலில் நின்றாள்.

"அடுத்த கோடைக்குள்ள மூடினாப் போதும்" என்றாள்.

"கோடை வரைக்கும் எதுக்கு? கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே கைதிங்களை வேற ஜெயிலுக்கு மாத்திடுவோம். உங்களுக்காக."

அவர் சிரித்தபோது, எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல் அவளுக்கு உள்ளே கேட்டது. வெண்டலை நினைத்து வந்த குற்ற உணர்வு அது என்று எண்ணிக்கொண்டாள்.

சபைக்குள் நுழைந்தபோது அவள் மேசையில் வழக்கம்போல் மெழுகுத் தாளில் சுற்றிய ரொட்டி இருந்தது. முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்து வெண்டலின் மனைவி சுட்டுக் கொடுத்தனுப்புவது.

"ஆறிடப்போகுது, சாப்பிடு. இந்த சபையில சூடா கிடைக்கிறது இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் பேச்சு" என்றார் வெண்டல்.

அவள் தாளைப் பிரிக்கவில்லை.

பேச அழைத்ததும் அவர் மெல்ல எழுந்தார். எழுபது வயது முட்டிகள் சொடுக்கிட்டன. "தெற்கே என் மச்சான் பண்ணையில போன வருஷம் இந்த வேலையை ஆரம்பிச்சாங்க. பத்து மாசம் ஆச்சு. மாடுங்க தொட்டி வரைக்கும் வந்து, தண்ணியை மோந்து பாத்துட்டு, குடிக்காமத் திரும்பிப் போகுதுங்க. மாட்டுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையா?"

யாரோ சிரித்தார்கள். கிரேடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நோரீன் எதிரே இருந்த இரண்டு பட்டன்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டேல் இருந்தால் என்ன சொல்லியிருப்பான்? எந்தத் துக்கத்துக்கும் அவனிடம் ஒரு கிண்டல் இருக்கும். 'நம்ம மாவட்டத்துல ஆறுல ஒருத்தன் கம்பிக்குள்ள இருக்கான் நோரீன், மீதிப் பேரு இன்னும் மாட்டலை' என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. இறந்தவனுக்குக் கொடுத்த வாக்கு முக்கியமா, ரொட்டி கொடுத்தவரின் குடிதண்ணீர்க் கிணறு முக்கியமா என்று தன்னையே கேட்டாள். பதில் வருவதற்குள் விரல் பச்சையை அமுக்கிவிட்டது.

அறுபத்து மூன்று, அறுபத்து இரண்டு. மசோதா நிறைவேறியது.

கிரேடி சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த பத்தாவது நிமிடம் சிறையை மூடும் மசோதா வந்தது. எதிர்த்து ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக நோரீனுக்கு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது.

சபை கலைந்தது. வெண்டல் மட்டும் எழுந்திருக்கவில்லை. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எனக்கு வேற வழி தெரியலை வெண்டல். டேலுக்காக..."

"தெரியும்மா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேனோ என்னவோ."

அவர் இரண்டு மசோதாக்களின் தாள்களையும் அருகருகே வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 'ஜனவரிக் கணக்குப்படி' என்ற வரிக்குக் கீழே விரலை ஓட்டினார். விரல் நின்றது.

"ஜெயில் எப்போ காலியாகுது?"

"டிசம்பர்ல. நான் கேட்டதுக்கு முன்னாடியே."

வெண்டல் தலையை உயர்த்தினார். அந்த முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது.

"ஏம்மா நோரீன், உங்க மூவாயிரத்து நானூறுல அந்தக் கைதிங்களும் சேத்தியா?"