கெட்டுப்போன டேக்

“ஐயோ, அடிக்காதீங்க! சத்தியமா நான் யார்கூடவும் பேசலங்க!”

சாத்திய கதவுக்குள்ளே அவள் அலறினாள். “வாயை மூடுடி!” என்று அவன் உறுமினான். பளாரென்று ஓர் அடி விழுந்தது.

டொக், டொக், டொக்.

“உப்பு டப்பாவை எங்கம்மா வெச்ச?” என்று வெளியேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

“போச்சு! இந்த டேக்கும் போச்சு!” என்று மைக்கைத் தள்ளிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள் மருமகள். தன் தொடையிலேயே ஓங்கி அடித்திருந்த கணவன், அதைத் தடவிக்கொண்டே கம்ப்யூட்டரில் பதிவை நிறுத்தினான்.

இருவருக்கும் பிழைப்பே குரல்தான். டி.வி. தொடர்களுக்கு டப்பிங் பேசுகிறவர்கள். ஸ்டுடியோவில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், படுக்கையறைச் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளி போர்த்தி, அந்த வேக்காட்டில் ஃபேன்கூடப் போடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தோழி, நர்ஸ், எதிர்வீட்டுக்காரி என்று துக்கடா வேஷங்களுக்கே பேசிப் பேசி அலுத்துப்போனவளுக்கு, முதல் முறையாகக் கதாநாயகியின் குரல் வாய்க்கப் பார்த்தது. கதாநாயகி புருஷனிடம் அடிவாங்கும் இந்த ஒரு காட்சியைப் பேசி அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் இன்னொரு பெண் தயாராக இருக்கிறாள் என்று டப்பிங் இன்சார்ஜ் காலையிலேயே சொல்லிவிட்டார்.

காலையிலிருந்து இதே கூத்துதான். சரியாக அடி விழுகிற இடத்தில் கதவு தட்டப்படும். ஒரு தடவை கத்தரிக்கோல் எங்கே என்பாள் மாமியார், ஒரு தடவை டீ போடட்டுமா என்பாள். தைக்கவும் உட்காரவில்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை.

“நாம ரெண்டு பேரும் கதவைச் சாத்துனா உங்கம்மாவுக்குப் பொறுக்கல. வேற ஒண்ணுமில்ல!”

“சும்மா இரு. வயசாயிடுச்சு, மறந்துடறாங்க.”

“மறதியா? போன வாரம் குண்டு வெடிக்கிற சீன் பேசுனோமே, தொண்டை கிழியக் கத்துனேன். அப்ப ஹால்ல குறட்டை விட்டுட்டுத்தானே இருந்தாங்க? எனக்கு ஒரு நல்லது நடக்கப் போகுதுன்னா மட்டும் இந்த மறதி எங்கேருந்து வருது?”

அவன் எழுந்தான். வெளியே போய் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். “அம்மா, இது நடிப்பு. அவ மேல என் விரல்கூடப் படல. என் தொடையிலதான் அடிச்சுக்கறேன், பாரு, எப்படிச் சிவந்திருக்கு! உனக்குப் புண்ணியமா போகும், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் வராத.”

“வரலடா. நீ போய் வேலையைப் பாரு” என்றாள் மாமியார், கையைப் பிசைந்துகொண்டே.

மருமகளுக்கு அந்தப் பேச்சில் துளியும் நம்பிக்கை இல்லை. பட்ட வரைக்கும் போதும் என்று உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இந்த முறை வசனம் தண்ணீர் மாதிரி ஓடியது. அவள் அழுகை நிஜ அழுகையாகவே வந்துவிட்டது. அவன் குரலில் இருந்த வெறியைக் கேட்டு அவளுக்கே ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது. ஆஹா, இது போதும், கதாநாயகி நான்தான் என்று மனசுக்குள் குதித்துக்கொண்டே கடைசி வசனத்துக்கு மூச்சை இழுத்தாள்.

தடதடவென்று கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் தெறித்துவிடும் போலிருந்தது.

“தொறடா! கதவைத் தொறடா! விடுடா அவளை!”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அந்த நேரம் பார்த்து செல்போனும் அடித்தது. டப்பிங் இன்சார்ஜ்தான். “சாயங்காலமே ஆயிடுச்சு, இன்னும் வரலையேம்மா. இங்க டைரக்டர் குதிக்கிறாரு. அந்தப் பொண்ணை வெச்சே ஆரம்பிச்சுட்டோம். உனக்கு அடுத்த தடவை பார்க்கலாம்.”

கணவன் போனைப் பிடுங்கி, தாழ்ப்பாளை நீக்கி, “சார், சார், ஒரே ஒரு நிமிஷம் சார்” என்று கெஞ்சிக்கொண்டே பால்கனிக்கு ஓடினான்.

வாசற்படியில் மாமியார் வியர்த்து விறுவிறுத்து நின்றாள். மூச்சு வாங்கியது. மருமகளின் கன்னத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

மருமகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இப்பத் திருப்தியா அத்தை? எத்தனை வருஷமா நான் காத்துக்கிட்டிருந்தேன், தெரியுமா? இப்படி வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே! நடிப்பு நடிப்புன்னு உங்க புள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, காதுல விழலையா? அப்புறமும் எதுக்கு வந்து தட்டுனீங்க?”

“நடிப்புன்னு புத்திக்குத் தெரியுதும்மா. இந்தப் பாழாப்போன உடம்புதான் கேக்க மாட்டேங்குது” என்றாள் மாமியார். பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்து, மகன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“அவங்க அப்பா என்னைப் போட்டு அடிச்சப்ப, ஒருத்தர்கூட வந்து கதவைத் தட்டலையேம்மா!”